புதைத்த கோடரியும் அழித்த கணக்கும்: ஆங்கில மன்னிப்புத் தொடர்களின் பூர்வீகம்

அலெக்சாண்டர் போப் 1711இல் தன் பெயரைப் போடாமலேயே ஒரு செய்யுள் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22. ‘ஆன் எஸ்ஸே ஆன் கிரிட்டிசிசம்’ என்ற அந்த நூலில்தான், தவறை மனிதருக்கும் மன்னிப்பைத் தெய்வத்துக்கும் பங்கு பிரிக்கும் புகழ்பெற்ற ஆங்கில வாசகம் இருக்கிறது. அதை விவிலிய வசனம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆனால் போப் அதை எழுதியபோது அவர் மனத்தில் இருந்தவர்கள் பாவிகள் அல்லர், கவிதை விமர்சகர்கள். நல்ல கவிஞனிடமும் குறை இருக்கும். குறை கண்டதும் விமர்சகன் தன் நல்ல குணத்தைத் தொலைத்துவிடக் கூடாது. இதுதான் அந்த இடத்தில் அவர் சொல்லவந்தது. வாசகத்தின் முதல் பாதி, தவறுவது மனித இயல்பு என்னும் பழைய லத்தீன் பழமொழி. தெய்வத்தைச் சேர்த்த மறுபாதிதான் அவருடைய ஒட்டு.

அந்த நூலிலேயே ஜான் டென்னிஸ் என்ற மூத்த விமர்சகரைப் போப் கிண்டல் செய்திருந்தார். டென்னிஸ் சும்மா இருக்கவில்லை. போப்பின் கூன் விழுந்த முதுகையும் விடாமல் இழித்து எழுதினார். 1728இல் போப் ‘டன்சியட்’ என்ற அங்கதக் காவியத்தைக் கொண்டுவந்து, தன்னைச் சீண்டிய எழுத்தாளர்களையும் விமர்சகர்களையும் வரிசையாக நிறுத்தி அடித்தார். மன்னிப்பைத் தெய்வத்துக்கு ஒதுக்கியவர் தனக்கென்று எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை போலும்.

ஆங்கிலத்தில் மன்னிப்பைக் குறிக்கும் மரபுத்தொடர்களின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் இப்படித்தான் எதிர்பாராத இடங்களில் போய் நிற்போம். தேவாலயத்துக்குப் போகும் வழியைவிடக் கடைக்கணக்குக்கும் நீதிமன்றத்துக்கும் போர் முடிந்த சமாதானச் சபைக்கும் போகும் வழியே அதிகம் தேய்ந்திருக்கிறது. அங்கெல்லாம் மன்னிப்பு என்பது மனம் இளகும் ஒரு கணமாக இருக்கவில்லை. அது சாட்சிகள் முன் நடக்கும் ஒரு நடவடிக்கை. அதற்குத் தொகை உண்டு, கெடு உண்டு, மீறினால் தண்டம் உண்டு. காலம் போகப் போக நடவடிக்கை உதிர்ந்து சொல் மட்டும் தங்கியது. மன்னிப்பு இலவசமானது சொல்லளவில்தான் என்பதே இந்தத் தொடர்களின் வரலாற்றிலிருந்து நான் பெறும் முடிவு.

‘ஃபர்கிவ்’ என்ற வினைச்சொல்லுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது முழுவதுமாகக் கொடுத்துவிடுதல், விட்டுக்கொடுத்தல் என்ற பொருளுடையது. பிற்கால லத்தீனில் இருந்த ‘பெர்தொனாரே’ என்ற சொல்லின் அச்சிலேயே அது வார்க்கப்பட்டது. ‘பெர்’ என்றால் முழுமையாக, ‘தொனாரே’ என்றால் தானமாகக் கொடு. அந்த லத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ‘பார்டன்’ ஆகவும் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. எனவே ஒரே கருத்து இரண்டு வாசல் வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையைவிட்டு ஏதோ ஒன்று போகிறது.

எது போகிறது என்பதை மிக அப்பட்டமாகக் காட்டுவது சிலேட்டுத் தொடர். ‘வைப் த ஸ்லேட் க்ளீன்’ என்றால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. நமக்குச் சிலேட்டு என்றால் பள்ளிக்கூடம். ஆங்கிலேயருக்கு அதோடு மதுக்கடையும் சேர்த்து நினைவுக்கு வரும். வாடிக்கையாளர் குடித்த கணக்கைக் கடைக்காரர் கற்பலகையில் சாக்குக்கட்டியால் குறித்து வைப்பார். பணம் வந்ததும் அழிப்பார். இன்றும் பிரிட்டிஷ் மதுக்கடையில் ‘சிலேட்டில் போடு’ என்றால் கடனாக எழுதிக்கொள் என்றுதான் அர்த்தம். சிலேட்டு அழிவதற்கு இரண்டே வழி: குடித்தவர் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கும் எந்தச் செலவும் இல்லாமல் கணக்கு அழியும் மூன்றாவது வழி கடைத்தெருவில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தொடர் உருவகமாகப் பரவியபோதுதான் அந்த மூன்றாவது வழி திறந்தது.

கடனும் குற்றமும் இப்படிக் கலந்துகிடப்பது ஆங்கிலேயர் செய்த வேலை அல்ல. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான். அதனால்தான் இயேசு கற்பித்த ஜெபம் மத்தேயுவில் கடன்கள் என்றும் லூக்காவில் பாவங்கள் என்றும் பதிவாகியிருக்கிறது. 1526இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்ட வில்லியம் டின்டேல், மத்தேயுவில் கடன் என்று இருந்த இடத்தில் ‘டிரெஸ்பாசஸ்’ என்று எழுதினார், அத்துமீறல்கள். 1549இல் வந்த ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகமும் அதை எடுத்துக்கொண்டது. 1611இல் அரசர் ஜேம்ஸ் பதிப்பு ‘டெட்ஸ்’ என்று மூலத்துக்குத் திரும்பியது, ஆனால் அதற்குள் ஆங்கிலிக்கன் நாவில் பழைய சொல் ஊறிவிட்டது. ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியர்கள் கடனையே வைத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துக்காரனுக்குக் கடன் கவலை, ஆங்கிலேயனுக்குத் தன் நிலத்தில் எவன் கால் வைக்கிறான் என்ற கவலை என்று இதை வைத்து ஒரு பழைய நகைச்சுவை உண்டு. தமிழிலும் இந்தப் பிளவு அப்படியே தொடர்கிறது. தமிழ் புராட்டஸ்டன்ட் விவிலியத்தில் அந்த வசனம் கடனையும் கடனாளிகளையும் சொல்கிறது. கத்தோலிக்கர் சொல்லும் ஜெபத்தில் பாவம் என்றே வருகிறது.

கடன் தள்ளுபடியை ஓர் அரசன் தன் கடமையாகச் செய்த காலமும் இருந்தது. ஹமுராபியின் வழிவந்த பாபிலோன் அரசன் அம்மி-சதூகா, கி.மு. பதினேழாம் நூற்றாண்டில் வெளியிட்ட ஆணை களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. வாற்கோதுமைக் கடனையும் வெள்ளிக் கடனையும் குடிகளிடம் வசூலிக்கக் கூடாது, மீறி வசூலித்தவன் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் மரணம் என்கிறது அது. வணிகர்கள் தொழிலுக்காகத் தங்களுக்குள் வாங்கிய கடனுக்கு இந்தச் சலுகை இல்லை. இத்தகைய ஆணைகளுக்கு அக்காடிய மொழியில் வழங்கிய பெயர்களில் ஒன்றுடன் உறவுடைய எபிரேயச் சொல்தான் லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தில், ஐம்பதாம் ஆண்டு விடுதலையைக் குறிக்க வருகிறது. இன்றைய பொருளாதார வரலாற்றாசிரியர்கள் பாபிலோனிய ஆணைகளை ‘க்ளீன் ஸ்லேட்’ என்ற பெயரிலேயே பேசுகிறார்கள். மதுக்கடைச் சிலேட்டுக்கும் களிமண் பலகைக்கும் நேரடி வம்சத் தொடர்பு எதுவும் கிடையாது. பெயர் பொருந்திப் போனது, அவ்வளவே.

பழைய கணக்கை அழிப்பது சில சமயம் எதிர்பாராத செலவும் வைக்கும். இங்கிலாந்தின் கருவூலம் பல நூற்றாண்டுகளாக வரவுகளை மரக்குச்சிகளில் வெட்டுக்குறி போட்டுக் கணக்கு வைத்தது. குச்சியைப் பிளந்து ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வார்கள். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் கணக்கு செல்லும். முறை ஒழிந்த பிறகு மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். தீ கட்டுக்கடங்காமல் போய் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து விழுந்தது.

ஜெபத்தில் கடனையே வைத்துக்கொண்ட ஸ்காட்லாந்துக்குத் திரும்பினால் அடுத்த தொடருக்கு வந்துவிடுவோம். ‘லெட் பைகான்ஸ் பி பைகான்ஸ்’, போனது போகட்டும். பைகான்ஸ் என்பது கடந்துபோன எதையும் குறிக்கும் மங்கலான சொல்லாக இன்று தெரிகிறது. பழைய ஸ்காட்டிஷ் வழக்கில் அதற்குக் கெட்டியான இன்னொரு பொருள் இருந்தது: கட்டத் தவறிய பாக்கி. குத்தகைப் பாக்கி, வாடகைப் பாக்கி, சம்பளப் பாக்கி. பாக்கி பாக்கியாகவே போகட்டும் என்று ஒருவர் சொன்னால், கேட்டவருக்கு அது ஒரு தொகையாகவே காதில் விழுந்திருக்கும்.

இத்தொடரின் ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று சாமுவேல் ரூதர்ஃபோர்டின் கடிதம். அரசர் திணித்த ஆயர் ஆட்சியை எதிர்த்ததற்காக 1636இல் அவரைத் தன் சபையிலிருந்து நீக்கி அபர்தீனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எழுதிய கடிதமொன்றில், தனக்கும் தன் ஆண்டவருக்கும் இடையிலான பழம்பாக்கிகள் பழம்பாக்கிகளாகவே போகும்படி தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதல்ல, பக்தனுக்கும் கடவுளுக்கும் இடையிலான கணக்கு. 1644இல் அவர் எழுதிய ‘லெக்ஸ் ரெக்ஸ்’, அரசன் சட்டத்துக்கு உட்பட்டவன் என்று வாதிட்டது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் அந்த நூலைப் பகிரங்கமாக எரித்தார்கள்; ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அவருக்கு அழைப்பாணையும் அனுப்பினார்கள். விசாரணைக்கு முன்பே, 1661 மார்ச்சில் அவர் இறந்தார். போனது போகட்டும் என்று எழுதியவருக்கு எதுவும் போகவில்லை.

ஸ்காட்லாந்தில் மன்னிப்புக்கு ஒரு பத்திரமே இருந்தது. இந்தக் கட்டுரைக்காக நான் திரட்டியவற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இதுதான். ஒருவன் இன்னொருவனைக் கொன்றுவிட்டால் கொலையுண்டவனின் சுற்றத்தார் பழிக்குப் பழி வாங்கும் உரிமை உள்ளவர்களாகக் கருதப்பட்டார்கள். அந்தப் பகையை முடிக்க ‘அசைத்மென்ட்’ என்ற ஈட்டுத்தொகையைக் கொலையாளியின் தரப்பு கொடுக்க வேண்டும். வாங்கிக்கொண்ட சுற்றத்தார் ‘லெட்டர் ஆஃப் ஸ்லெயின்ஸ்’ என்ற ஆவணத்தில் கையெழுத்திடுவார்கள். எங்களுக்கு உரிய ஈடு கிடைத்துவிட்டது, மனத்தில் இருந்த வன்மத்தை விட்டுவிட்டோம், இனிப் பழி கோர மாட்டோம் என்று அதில் எழுதித் தருவார்கள். அரசனிடம் மன்னிப்பு பெறப் போகிறவன் கையில் இந்தக் கடிதம் இருக்க வேண்டும். உறவினர் மன்னிக்காத கொலையை அரசன் மன்னிப்பது முறையல்ல என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது.

வரலாற்றாசிரியர் ஜென்னி வொர்மால்ட் 1980இல் இதைப் பற்றி எழுதிய ஆய்வு, ஸ்காட்லாந்தின் இரத்தப் பகை மரபைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கும் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. பகையின் நோக்கம் முடிவில்லாத கொலை அல்ல, ஈடு பெற்றுச் சமாதானத்துக்கு வருவது என்பது அவர் காட்டிய படம். சில வழக்குகளில் கொலையாளி வெறும் சட்டையோடு மண்டியிட்டு, உருவிய வாளின் முனையைத் தன் கையில் பிடித்து, கைப்பிடியை எதிர்த் தரப்பாரிடம் நீட்ட வேண்டியிருந்தது. கொல்ல வேண்டுமானால் கொல்லலாம் என்ற நிலையில் அவர்கள் கொல்லாமல் விட வேண்டும். 1598இல் ஆறாம் ஜேம்ஸ் கொண்டுவந்த சட்டம் இந்தப் பகைகளை அரசின் தீர்ப்புக்குள் இழுத்தது. மன்னிக்கும் உரிமை மெல்ல மெல்ல விதவையின் கையிலிருந்து நீதிபதியின் கைக்குப் போனது. அது முன்னேற்றம்தான். ஆனால் அந்த விதவைக்கு நீதிமன்றத்தில் என்ன இடம் என்ற கேள்விக்கு நவீனச் சட்டம் நெடுங்காலம் பதில் தேடவில்லை.

இங்கிலாந்தில் இதற்குச் சமமாக ‘லவ்டே’ இருந்தது. வழக்காடும் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் முன் கூடிச் சமரசமாகும் நாள். அவற்றில் பெரியது 1458 மார்ச் 25 அன்று லண்டனில் நடந்தது. மூன்றாண்டுக்கு முன் செயின்ட் ஆல்பன்ஸ் போரில் யார்க் தரப்பு லங்காஸ்டர் தரப்பின் தலைவர்களைக் கொன்றிருந்தது. அரசர் ஆறாம் ஹென்றி இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் செய்வித்தார். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஈடு, அவர்கள் ஆன்மாவுக்காகப் பூசை நடத்தச் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துக்கு நிதி என்று எல்லாம் முடிவானது. பிறகு பகைவர்கள் இருவர் இருவராகக் கைகோத்துச் செயின்ட் பால் பேராலயத்துக்கு ஊர்வலம் போனார்கள். யார்க் கோமகனின் கை அரசி மார்கரெட்டின் கையில். அடுத்த ஆண்டு செப்டம்பரில் மீண்டும் போர் மூண்டது. லவ்டே என்ற சொல் வழக்கொழிந்தது; கார்ன்வாலில் பெண்களுக்கு வைக்கும் பெயராகத் தப்பிப் பிழைத்திருக்கிறது.

‘ஃபர்கிவ் அண்ட் ஃபர்கெட்’, மன்னி, மற என்ற இரட்டைத் தொடருக்கும் சட்டத்தில் ஒரு பக்கம் உண்டு. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் மகள் கார்டீலியாவிடம் கேட்கும்போது வரிசை மாறி மறதி முன்னால் வருகிறது. மறந்துவிடும்படி தனி மனிதரைக் கேட்கலாம். ஒரு நாட்டையே மறக்கச் சொல்ல முடியுமா? ஏதென்ஸ் முயன்றது. கி.மு. 403இல் முப்பதின்மர் கொடுங்கோலாட்சி விழுந்து மக்களாட்சி திரும்பியபோது, நடந்த தீமைகளை இனி நினைவுபடுத்த மாட்டோம் என்று குடிமக்கள் சத்தியம் செய்தார்கள். ஊர் திரும்பிய ஒருவன் பழையதைக் கிளறத் தொடங்கியதும் ஆர்க்கினஸ் என்ற தலைவர் அவனைச் சபை முன் இழுத்துச் சென்று, விசாரணை இல்லாமலேயே கொல்லச் செய்தார் என்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’. அதன் பிறகு யாரும் கிளறவில்லையாம். ‘ஆம்னெஸ்டி’, ‘அம்னீசியா’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களும் மறதி என்ற ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை.

இங்கிலாந்து 1660இல் அதே வழியில் போனது. உள்நாட்டுப் போரும் குடியரசும் முடிந்து இரண்டாம் சார்லஸ் திரும்பியதும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே மன்னிப்பும் மறதியும் இருந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குப் பழைய பகையை நினைவூட்டி யாரையாவது ஏசினால் அபராதம்: கனவான் என்றால் 10 பவுன், அதற்குக் கீழ்ப்பட்டவர் என்றால் 40 ஷில்லிங். மறதிக்கும் அந்தஸ்துக்கேற்ற விலை. ஆனால் அரசனின் தந்தைக்கு மரண தண்டனை விதித்தவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தவில்லை. 1661 ஜனவரி 30 அன்று ஆலிவர் கிராம்வெல்லின் பிணத்தைக் கல்லறையிலிருந்து எடுத்து டைபர்னில் தூக்கில் தொங்கவிட்டார்கள். சொத்தை இழந்து அரசனுக்காகப் போராடியவர்களோ, மன்னிப்பு அரசனின் எதிரிகளுக்கு, மறதி அரசனின் நண்பர்களுக்கு என்று கசந்து பேசிக்கொண்டார்கள். பொது மன்னிப்புச் சட்டங்கள் பலவற்றுக்கும் பொருந்தும் விமர்சனம் அது.

விவிலியத்திலிருந்து நேரே வந்த தொடர்களும் உண்டு. ‘டர்ன் தி அதர் சீக்’ என்பதை அடி வாங்கியும் அடங்கிப் போவது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மத்தேயு வலது கன்னம் என்று குறிப்பாகச் சொல்கிறார். வலக்கையால் எதிரில் நிற்பவரின் வலது கன்னத்தில் அடிக்க வேண்டுமானால் புறங்கையால்தான் அடிக்க முடியும். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் கன்னத்தில் அறைந்தவனுக்கு 200 சூஸ் அபராதம், புறங்கையால் அறைந்தவனுக்கு 400 சூஸ். ஏனென்றால் அது வலியைவிட இழிவு. இதை வைத்து அமெரிக்க இறையியலாளர் வால்டர் விங்க், மறு கன்னத்தைக் காட்டுவது பணிவு அல்ல, என்னைச் சமமானவனாக நினைத்து அடி என்னும் சவால் என்று விளக்கினார். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. எனக்கு அது சற்று அளவுக்கு மீறிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது, ஆனால் அபராதக் கணக்கு உண்மையானது. எதிரிக்கு நன்மை செய்து அவன் தலையில் தணலைக் குவிப்பது என்ற தொடர் நீதிமொழிகளிலிருந்து பவுலின் ரோமர் நிருபம் வழியாக வந்தது. மன்னிப்புக்குள் கொஞ்சம் பழிவாங்கல் ஒளிந்திருப்பதை ஒப்புக்கொள்ளும் தொடர் என்பதால் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

மன்னிப்புக் கேட்பவர் தின்னும் ‘ஹம்பிள் பை’ ஒரு சிலேடை மட்டுமே. மானின் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளுக்கு ‘அம்பிள்ஸ்’ என்று பெயர். பணிவைக் குறிக்கும் ‘ஹம்பிள்’ உச்சரிப்பில் அதோடு மோதிக்கொண்டது. எசமானுக்குக் கறி, வேலைக்காரனுக்குக் குடல், எனவே அவமானம் என்று பலர் விளக்குவதை அப்படியே நம்ப வேண்டாம். லண்டன் அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1660களில் அந்தப் பண்டத்தை ரசித்துச் சாப்பிட்டதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆலிவ் கிளை நீட்டுவதன் கதையும் சுருக்கமானது, சோகமானதும்கூட. 1775 ஜூலை 5 அன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் மாமன்றம் மூன்றாம் ஜார்ஜுக்கு அனுப்புவதற்காக ஏற்றுக்கொண்ட சமாதான மனு வரலாற்றில் ஆலிவ் கிளை மனு என்றே பெயர் பெற்றது. மறுநாளே அந்த மாமன்றம் தான் ஆயுதம் ஏந்தியதன் காரணங்களையும் அறிக்கையாக வெளியிட்டது. அரசர் மனுவை வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டார்.

இனி கோடரி. ‘பரி த ஹாச்செட்’, கைக்கோடரியைப் புதைத்தல். ஆங்கிலத்தின் மன்னிப்புத் தொடர்களில் அமெரிக்க மண்ணில் பிறந்தது இது. இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் மொஹாக், ஒனைடா, ஒனொன்டாகா, கயூகா, செனெக்கா என்ற ஐந்து மக்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு ஹோடினோஷோனி. பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் இரோக்வா. ஐந்து மக்களும் ஒருவரையொருவர் கொன்று பழி தீர்த்துக்கொண்டிருந்த காலத்தில் சமாதானம் செய்விப்பவர் ஒருவர் வந்தார் என்பது அவர்களின் மரபு. அவர் பெயரை இன்றும் அவர்கள் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. அவர் ஒரு பெரிய வெள்ளைப் பைன் மரத்தை வேரோடு சாய்த்து, அந்தக் குழியில் எல்லோருடைய ஆயுதங்களையும் போடச் செய்தார். அடியில் ஓடிய நிலத்தடி நீர் அவற்றை அடித்துக்கொண்டு போக, மரத்தை மீண்டும் நட்டார்.

அந்த மரபின் இன்னொரு பாதி ஆங்கிலத் தொடருக்குள் வரவேயில்லை. ஒனொன்டாகா தலைவன் டடோடாஹோ கொடூரன்; தலைமயிரில் பாம்புகள் நெளிந்தன என்பார்கள். ஹையவாதா என்பவனின் மகள்கள் இறந்ததற்கு அவனே காரணம் என்று கதையின் பல வடிவங்கள் சொல்கின்றன. துயரம் தாளாமல் காட்டில் அலைந்த ஹையவாதாவுக்குச் சமாதானம் செய்விப்பவர் சிப்பிமணிச் சரங்களைக் கையில் ஏந்தி, கண்ணீரைத் துடைக்கும் சொல், காதடைப்பை நீக்கும் சொல், தொண்டை அடைப்பை நீக்கும் சொல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தேற்றினார். தேறிய பிறகு ஹையவாதாவே போய் டடோடாஹோவின் தலையிலிருந்த பாம்புகளைச் சீவி எடுத்தான். டடோடாஹோவைக் கொல்லவில்லை, கூட்டமைப்பின் சபைத் தீயைக் காக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். சபைத் தலைவருக்கு இன்றும் பட்டப்பெயர் டடோடாஹோதான். துக்கம் தீராதவனிடம் மன்னிப்பைக் கேட்காதே, முதலில் அவன் கண்ணைத் துடை என்ற வரிசை இந்தச் சடங்கில் இருக்கிறது.

அண்டை மக்களான வென்டாட்டுகளிடமும், அதாவது ஹூரான்களிடமும், இதே போன்ற நடைமுறை இருந்ததை இயேசு சபைக் குருமார் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கொலைக்குக் கொலையாளி மட்டுமல்ல, அவன் ஊரே சேர்ந்து பரிசுப் பொருள்கள் கொடுத்து ஈடு கட்ட வேண்டும். ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு பேச்சு உண்டு. 1636இல் ழான் டி பிரெபூஃப் விவரிக்கும் வரிசையில் முதல் பரிசு, காயத்தில் செருகியிருக்கும் கோடரியை வெளியே எடுப்பதற்கு; அடுத்தது வழியும் இரத்தத்தைத் துடைப்பதற்கு. 1648இல் பால் ராக்னோ எழுதியதன்படி கொலையுண்டவர் ஆணானால் 30 பரிசுகள், பெண்ணானால் 40. பெண்ணால் எளிதில் தற்காத்துக்கொள்ள முடியாது, தேசத்தை மக்களால் நிரப்புபவளும் அவளே என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஆங்கிலத்தில் கோடரிப் புதைப்பின் புகழ்பெற்ற பழைய பதிவு 1680இல் பாஸ்டன்காரர் சாமுவேல் சீவால் எழுதிய கடிதம். ஆங்கிலேயத் தரப்பின் மேஜர் பிஞ்சன் ஆல்பனியில் மொஹாக் தலைவரைச் சந்தித்ததையும், ஆங்கிலேயருக்கொன்று, மொஹாக்குகளுக்கொன்று என இரண்டு கோடரிகள் மண்ணில் புதைக்கப்பட்டதையும் அதில் சொல்கிறார். காகிதத்தில் எழுதும் பிரிவுகளைவிட அவர்களைக் கட்டுவது இந்தச் சடங்குதான் என்பது அவர் கணிப்பு. இதே சீவால்தான் 1692இல் சேலம் சூனியக்காரி வழக்குகளின் நீதிபதிகளில் ஒருவராக உட்கார்ந்து நிரபராதிகளைத் தூக்குக்கு அனுப்பினார். 1697 ஜனவரி 14 அன்று தேவாலயத்தில் தான் எழுதிக் கொடுத்த பாவ அறிக்கையைப் போதகர் உரக்க வாசிக்க, சபையார் முன் எழுந்து நின்று, அந்தப் பழியையும் வெட்கத்தையும் தானே ஏற்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த வழக்குகளின் நீதிபதிகளில் அப்படிப் பகிரங்கமாகச் செய்தவர் அவர் ஒருவரே.

சமாதானம் ஒரு தடவை புதைத்தால் முடிந்துவிடும் என்று பழங்குடி மக்கள் நினைக்கவில்லை. ஆங்கிலேயருடனான உறவை அவர்கள் வெள்ளிச் சங்கிலி என்றார்கள். அதை அவ்வப்போது கூடித் துலக்காவிட்டால் கறுத்துப்போகும். ஆங்கிலேயர் புதைத்த கையோடு வீட்டுக்குப் போக விரும்பினார்கள். ‘இனி எல்லாம் முடிந்தது’ என்ற இன்றைய பொருள் அவர்கள் விருப்பத்திலிருந்து வந்ததே தவிர, சடங்கிலிருந்து வந்ததல்ல.

டெலவேர் மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் ‘ரிட்டர்ன் டே’ கொண்டாடுகிறார்கள். வென்றவரும் தோற்றவரும் ஒரே வண்டியில் ஊர்வலம் போவார்கள். இரு கட்சிகளின் உள்ளூர்த் தலைவர்கள் மணலில் ஒரு கைக்கோடரியைப் புதைப்பார்கள். நல்ல வேடிக்கை. அதே கோடரி கனடாவில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1761 ஜூன் 25 அன்று ஹாலிஃபாக்ஸில் மிக்மாக் மக்களும் பிரிட்டிஷாரும் கோடரியைப் புதைத்து உடன்பாடு செய்தார்கள். 1760–61 உடன்படிக்கைகளை ஆராய்ந்த கனடா உச்ச நீதிமன்றம் 1999இல், மிதமான பிழைப்புக்காக மீன் பிடித்து விற்கும் உரிமை மிக்மாக் மக்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. சமாதானத்துக்கு விதித்த நிபந்தனை 238 ஆண்டுகளுக்குப் பிறகும் செல்லும் என்றாகிவிட்டது.

ஹோடினோஷோனிகளுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை அவர்களின் 40க்கும் மேற்பட்ட ஊர்களையும் விளைந்து நின்ற மக்காச்சோளத்தையும் எரித்தது. அவர்கள் வாஷிங்டனுக்கு வழங்கிய பெயர் ‘ஊர்களை அழிப்பவன்’. 1794 நவம்பர் 11 அன்று கானன்டைகுவாவில் இரு தரப்பும் நிலையான சமாதானத்துக்கும் நட்புக்கும் கையெழுத்திட்டன. அமெரிக்கா ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புள்ள பொருள்களைத் தர ஒப்புக்கொண்டது. அந்தக் கணக்கில் இன்றும் ஆண்டுக்கு ஒரு முறை அவர்களுக்குத் துணி போகிறது. தொகையை யாரும் உயர்த்தவில்லை. அதனால் துணி மட்டும் மலிந்து மெலிந்துகொண்டே வருகிறது.